எவரிஸ்தோவின் புருவம்

நாய் உறுமுவது எனக்குப் புருவத்தில்தான் தெரியும்,
எவரிஸ்தோவின் இடது புருவத்தில்.
சூப்பில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருப்பான்,
அது ஏறும்,
மேசைக்கடியில் குனிந்து பார்ப்பேன்:
மாட்டெலும்பின் மேல் கவிழ்ந்து கிடக்கும்
பதினொரு வாரத்துக் குட்டி.

ஃபாயிஷ்கா என்று பெயர். பொறி என்று அர்த்தம்.
ஐம்பொறியில் ஒன்று குறைந்தவளுக்குக்
கணக்கு நேராகிவிட்டது என்று சிரித்தான்.

சான் மிகேல் தீவில் மாடு திருப்பப் பிறந்த இனம்.
குதிகாலைக் கவ்வும், பசு உதைக்குமுன் விலகும்.
'வீட்டுக்காரனிடமே உறுமலா?'
உதட்டை அகலத் திறந்து சொன்னார் பக்கத்துக் கொட்டில் ஜெர்மானோ,
நான் படிப்பதற்காக.
'செய்தித்தாளைச் சுருட்டு. மூக்கில் ஒன்று போடு.'

எவரிஸ்தோ சுருட்டினான்.
மூன்றே நாள். புருவம் இறங்கிவிட்டது.
வீடு அடங்கிவிட்டது என்று கைகளால் சொன்னான்.
எனக்கு வீடு என்றைக்கும் அடங்கியேதான் இருக்கிறது.

ஞாயிறு, பூசை முடிந்து,
என் தங்கை மகள் பெனெதிதா
எலும்பருகே உருண்ட பந்தை எடுக்கப் போனாள்.
புருவம் அசையவில்லை.
சிவப்பைத்தான் பார்த்தேன்,
சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு.

இரண்டு தையல்.
வண்டி ஓட்டும்போது அவன் கைகளுக்குப் பேச்சு இல்லை,
சிவப்பு விளக்கில் நிறுத்திப் பேசினான்:
ஒரு எச்சரிக்கைகூட இல்லையே.
இருந்தது, நாம்தான் அதை அடித்து விரட்டினோம் என்று
நான் கையைத் தூக்குவதற்குள்
பச்சை விழுந்தது.

அன்றிரவு தூக்கமில்லை.
பள்ளியில் என் தொண்டையிலிருந்து எதுவோ கிளம்பினால்
விரல் முட்டியில் அளவுகோல் விழும்.
'அசிங்கமான சத்தம்' என்று பலகையில் எழுதுவார்கள்.
அது எப்படி இருக்கும் என்று இன்றுவரை தெரியாது.
சத்தம் போய்விட்டது. கோபம் போகவில்லை,
கழுத்துக்குக் கீழே இறங்கி
வேறு இடம் பார்த்துக்கொண்டது.

திங்கட்கிழமை அந்தச் செய்தித்தாளால் அடுப்பு மூட்டினேன்.
பால் கறந்துவிட்டு வந்து
எலும்புக்கு ஆறடி தள்ளி நின்று
பாலாடைக்கட்டித் துண்டொன்றை எறிந்தேன்.
திரும்பிப் பார்க்காமல் போனேன்.
பிடுங்க வரவில்லை, கொடுக்க வந்தேன்:
இதைச் சொல்லக் காதும் வேண்டாம் வாயும் வேண்டாம்,
கால் போதும்.

மறுநாள் ஐந்தடி.
நான்காம் நாள் அவசரப்பட்டேன்.
மெல்லுவது நின்றது,
கண்ணோரம் வெள்ளை பிறையாய்த் தெரிந்தது,
முதுகு பலகையானது.
தப்பு என்னுடையது. மறுபடி ஆறடி.
பெனெதிதா வந்தால் சமையலறைக் கதவு சாத்தியே இருந்தது,
அவள் அந்தப் பக்கம், எலும்பு இந்தப் பக்கம்.
ஹைட்ரேஞ்சியா வேலி முழுக்க நீலமாகும்வரை
இந்த நடை, இந்தத் துண்டுகள்.
பாலாடைக்கட்டிச் செலவை எவரிஸ்தோ தனியாக எழுதி வைத்தான்.

ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து
அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தேன்.
எலும்பு வாயில்.
வந்தது.
கறவை இயந்திரம் கிளம்பும்போது தரை நடுங்குமே,
அப்படி, தோலுக்கடியில்.
புருவத்தின் தயவில்லாமல் எனக்குக் கிடைத்த முதல் உறுமல்.
சரி என்று கையை எடுத்துக்கொண்டேன்.
வால் நுனி ஒருமுறை தரையைத் தொட்டது.

இப்போது எலும்போடு என்னைப் பார்த்தால்
என் சட்டைப்பையைத்தான் பார்க்கிறது.
பால் வண்டிக்காரனிடம் இன்னும் உறுமுகிறதாம். ஜெர்மானோவிடமும்.
உறுமட்டும். எங்கே நிற்க வேண்டுமென்று அவர்களுக்குத் தெரியும்.

நேற்று இரவு கூட்டுறவுக் கணக்குத் தாள் வந்தது.
லிட்டருக்கு மறுபடி இரண்டு சென்ட் குறைத்திருக்கிறார்கள்.
நிமிர்ந்தால்
எவரிஸ்தோவின் புருவம் ஏறியிருக்கிறது.
மேசைக்கடியில் குனிந்தேன்.
என் பாதத்தில் தலை வைத்து ஃபாயிஷ்கா தூங்குகிறது.
யார் என்று கேட்டேன்.
கரண்டியை நீட்டி
என்னைக் காட்டினான்.