பொடிமழை

வெளியே மினசோட்டா, மைனஸ் இருபத்தொன்று.
உள்ளே கண்ணாடிச் சுவர் வியர்த்து வழிகிறது.
ஐந்தரை மணிக்குக் கல்லூரிக் குளத்தைத் திறக்கும் வென்டல்
குளோரின் அளந்து, நோட்டில் எழுதி,
ஒரு குழாயைத் திருகுகிறார்:
டைவிங் குளத்தின் முகத்தில் மட்டும்
பொடிமழை.

அசையாத நீர், உயரத்திலிருந்து பார்த்தால்
இல்லாத நீர்.
பதினேழு அடிக்குக் கீழே நீல ஓடுதான் தெரியும்.
கொஞ்சம் கலைத்துவிட்டால்தான்
காற்று எங்கே முடிகிறதென்று பிடிபடும்.

சிக்னே பத்து மீட்டர் மேடையில்
முதுகு காட்டி நிற்கிறாள்.
குதிகால் இரண்டும் அந்தரத்தில்.
போன மாதம் முதுகில் வாங்கிய அறை
தோலில் இப்போது இல்லை.

அந்தப் பக்கம் எட்டுத் தடங்களிலும்
சுவரைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறார்கள்.
அவர்களுக்குத் தண்ணீர் என்றால் நீளம்.

குமிழி விசையில் விரல் வைத்து
அண்ணாந்து பார்க்கிறார் வென்டல்;
அழுத்தினால் குளம் நுரைத்து மெத்தையாகும்.
வேண்டாமென்று தலையாட்டுகிறாள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
ஸ்கோர்போர்டில் நான்கு பூஜ்யங்கள்.

படிகளில் ஈரக்கால் சத்தம்.
ஏழரை மீட்டரில் அது நிற்கிறது.
கீழே வருகிறாளா, அங்கேயே திரும்புகிறாளா,
வென்டல் பார்க்கவில்லை. நோட்டைப் புரட்டுகிறார்.

மழையை நிறுத்தவில்லை.