ஆறில் ஒன்று போனால் ஆறு

அகுரேய்ரியில் பிப்ரவரி. இரவு மூன்றே கால்.
சிக்லுஃபியோர்துரிலிருந்து ஊல்ஃபர் கூப்பிடுகிறான்:
"சாலையை மூடணும், ஸ்தெய்னுன். மலை முனகுது.
கோப்பைத் திறந்தால் திறக்கிறது, படிக்க முடிகிறது,
எழுதப் போனால் அனுமதி இல்லை என்கிறது."

நேற்றுவரை எழுதினான்.
நேற்று மாலை சர்வருக்குப் புது கெர்னல் ஏற்றியவள் நான்தான்,
வாயில் காய்ந்த மீன் துண்டோடு.

நான் கேட்டது 664.
வந்து கிடப்பது 644.
நடுவிலிருந்த இரண்டை யார் எடுத்தது?

மறைப்பு எண் எதையும் தராது.
பிறக்கப்போகும் கோப்பின் தலையெழுத்தில்
எந்த எழுத்து விழக்கூடாது என்று மட்டும்
அதற்குத் தெரியும்.
கழித்தல் என்று நினைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.
இங்கே ஆறில் ஒன்று போனால் ஐந்தல்ல,
ஆறுதான்.
ஆறுக்குள் அந்த ஒன்று இருந்ததே இல்லை;
இல்லாததை எவரும் பறிக்க முடியாது.
இரண்டு இருந்தது. அதனால் போனது.

அந்த ஒரு கோப்பை உடனே திறந்துவிட்டேன், ஒற்றைக் கட்டளை.
ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒன்று
பிறந்துகொண்டே இருக்கிறது,
பிறக்கும்போதே வாய் கட்டப்பட்டு.

என் முனையத்தின் மறைப்பு 002.
குழு எழுதலாம், ஊர் எழுதக் கூடாது. சரி.
கம்பியில் போன விண்ணப்பமும் சரி.
அந்தப் பக்கம் இறங்கினேன்.

அங்கே ஒரு வேலையாள்.
கடவுச்சொல் இல்லை, வீட்டு அடைவு இல்லை,
விசைப்பலகையின் முகம் கண்டதில்லை.
இயந்திரம் கண்விழிக்கையில் கெர்னலுக்குள்ளேயே பிறந்து
பிறர் கோப்பைப் பிறர் பெயரில் எழுதித் தரும் பிழைப்பு.
முதல் தாயின் 022 அதன் இடுப்பிலும் முடிச்சிட்டிருந்தது.

எங்கள் நாட்டில் குலப்பெயர் கிடையாது.
நான் கெஸ்துரின் மகள்; அவ்வளவுதான்.
என் மகன் பெயரில் கெஸ்துர் இல்லை.
ஒரு தலைமுறையில் தானாக அறுந்துவிடும்.
கெர்னலில் தானாக அறுவதில்லை,
யாராவது அறுக்க வேண்டும்.

அறுக்கும் வரி இருந்தது.
நாங்களே எழுதிச் சேர்த்த சேவையில், பதினோரு வருடமாக:
தாயிடமிருந்து பிரிந்து நில்,
மறைப்பைச் சுழியமாக்கு.
சுழியத்தை வைக்க ஒரு வரியா என்று
போன வாரம் பெருக்கித் தள்ளிய கை
இதோ, இந்த மேசைமேல் இருக்கிறது.
சுழியம் என்றால் கதவைப் பிளந்துபோடுவது
என்றும் பயந்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
கேட்டவள் மறைத்து அனுப்பியதை
இடையில் நிற்பவன் மறுபடி மறைக்காதிருப்பது,
அவ்வளவே அந்தச் சுழியம்.

வரியைத் திரும்ப வைத்தேன்.
தொகுக்க நாற்பது நிமிடம்.
ஊல்ஃபரைக் கூப்பிட்டேன்; மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

நான்கு மணிக்கு அவனே பேசினான், மூச்சு இரைக்க.
கோப்புக்குக் காத்திராமல்
நடந்துபோய்த் தடுப்புக் கம்பத்தைக்
கையால் இறக்கியிருக்கிறான்.
"ஒரு பால் லாரி நிற்கிறது. ஓட்டுநர் திட்டுகிறார்."
"எதற்கு?"
"யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று."

ஐந்து ஐம்பதுக்குப் பிறந்த கோப்பு 664.
முதல் வரி ஊல்ஃபருடையது:
சாலை 03:31 முதல் மூடப்பட்டுள்ளது.

என் வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்.
இதை அழிக்காதே என்று எழுதி, அழித்து,
ஏன் என்று எழுதினேன்.

மலை அன்று இறங்கவில்லை.
கோப்பில் அதுவும் இருக்கிறது.