நாற்பத்து மூன்றாம் நாள்

போர்வெனீருக்குக் கிழக்கே அறுபது கிலோமீட்டர்.
காற்றுக்கு எதிர்ப்படுவது
எங்கள் வீடும் கம்பி வேலியும்
இரண்டாயிரத்து நூறு ஆடுகளும்தான்.

கம்பளி எடை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
குட்டிகளின் நாள்கணக்கு வைத்திருக்கிறேன்.
இன்று முப்பத்தொன்பது.
தொனீனா ஏழு போட்டாள்; ஏழும் உயிரோடு.
கடைசியாய்ப் பிறந்தது மட்டும்
முதல் இரவில் மடி பிடிக்கத் தெரியாமல்
வைக்கோலில் முகம் தேய்த்துக்கொண்டு கிடந்தது.
அது சீம்பால் குடித்ததா இல்லையா
எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.
நோட்டில் இதை எழுதவில்லை.

பக்கத்துப் பண்ணையில் பார்வோ.
பக்கம் என்றால் முப்பது கிலோமீட்டர்.
பால்தோவினோ நாவெல்கின் வந்து
வேலிக்கு அப்பால் நின்றே சொன்னார்:
ஒன்பதில் எட்டு.
இரத்தமாய்க் கழிந்து, ஒரே வாரத்தில்.
ஒன்பதாவதுக்கு இன்னும் பெயர் வைக்கத் துணியவில்லை.

இன்றைக்கே போட்டுவிடு என்கிறான் தம்பி யெர்க்கோ.
அவன் விலை பேசிவிட்டான்;
எட்டாம் வாரம் செரோ சொம்பரேரோ ஆள்
வண்டியோடு வருவான்.
ஒரு ஊசி, ஒரு கையெழுத்து, காரியம் முடிந்தது.

டாக்டர் இக்னாசியா வேறு கணக்குச் சொன்னாள்
ரேடியோவில், பாதி இரைச்சலும் பாதி குரலுமாய்:
தாய் கொடுத்த காவல் இன்னும் இரத்தத்தில் நிற்கும்.
அது நோயையும் அடிக்கும், மருந்தையும் அடிக்கும்.
அதற்கு ஆள் தெரியாது.
அது தளர்ந்த பிறகுதான் ஊசி உள்ளே போய் உட்காரும்.
தளர்கிற வழியில் ஒரு வாரம் வரும், சிலதுக்கு இரண்டு.
அப்போது அது
நோயைத் தடுக்கப் போதாது,
ஊசியைத் தடுக்கப் போதும்.

அந்த வாரம் எது?
ஒவ்வொரு குட்டிக்கும் வேறு.
எப்படித் தெரிந்துகொள்வது?
வெறும் இரைச்சல்.
பிறகு: தெரிந்துகொள்ள முடியாது, ஸ்தென்கா.
அதனால்தான் ஒரு தரம் தட்டிவிட்டுப் போவதில்லை.
ஆறாம் வாரம், ஒன்பதில், பன்னிரண்டில், பதினாறிலும்.
என்றைக்காவது கதவு திறந்திருக்கும்.

அன்றிரவு லாந்தரோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன்.
பல் முளைத்த ஏழு வாய்களிடமிருந்து
தொனீனா எழுந்து நகர்கிறாள், மறுபடி வந்து படுக்கிறாள்.
எனக்கு நாற்பத்து நாலு வயது.
என் அம்மா கொடுத்த பயங்கள் சில
என்னைக் காக்கவும் இல்லை,
வேறெதையும் உள்ளே விடவும் இல்லை.
அதற்கு இந்த நோட்டில் பத்தி கிடையாது.

நாற்பதாம் நாள் ஜலசந்தியில் படகு ஓடவில்லை.
நாற்பத்தொன்றிலும்.
மருந்து எதிர்க்கரையில், ஐஸ்பெட்டிக்குள்.
முடிவெடுத்தது மேற்குக் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.
என் பங்குக்கு வாளியில் குளோரின் கரைத்து வைத்தேன்.
வந்தவர் போனவர் எல்லோரும் பூட்ஸோடு அதில் நின்றார்கள்,
யெர்க்கோ முணுமுணுத்தபடி.
செரோ சொம்பரேரோ ஆளைக் கூப்பிட்டு
பதினேழாம் வாரம் வரச் சொன்னேன்.
வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்றான்.
வாங்கிக்கொள்ளட்டும்.

நாற்பத்து மூன்று. படகு.
இக்னாசியா வாளியில் நின்று, கை கழுவி, முழங்காலிட்டு
ஒவ்வொன்றாய்ப் பிடரித் தோலைத் தூக்கினாள்.
ஆறு கத்தின.
கடைசியாய்ப் பிறந்தது கத்தவில்லை;
ஊசி போன இடத்தைத் திரும்பிப் பார்த்தது,
பிறகு என்னை.

இது சீம்பால் குடிக்காமலே இருந்திருக்கலாம் என்றேன்.
நாற்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு.
அவள் ஊசிமூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்:
அப்படியென்றால் இன்றைக்குப் பிடித்தது
இதற்கு மட்டுமாகவும் இருக்கலாம்.
பதினாறாம் வாரம் வரைக்கும் யாரையும் நம்பாதே.

நோட்டில் எழுதினேன்: ஏழு ஊசி. அடுத்தது அறுபத்து நாலு.
மேலே, முதல் நாளுக்கு எதிரே, சின்ன எழுத்தில்:
தூங்கிவிட்டேன்.

வாளித் தண்ணீர் கலங்கியிருந்தது.
கொட்டிவிட்டுப் புதிதாய்க் கரைத்தேன்.