முப்பத்தோராம் நாள்

டெமாயின் நகரம், ஒன்பதாம் தளம்,
திறக்க முடியாத ஜன்னலோரம் என் மேஜை.
பதினான்கு வருடமாக
மற்றவர்களின் நோய்களுக்கு எண் போடுகிறேன்.
வெர்லா ஹ்ருஷ்கா, கோரிக்கைப் பிரிவு.

அன்று ஒரே வீட்டிலிருந்து இரண்டு கோப்புகள்.

ஆர்லன் டெப்ரீஸ், ஐம்பத்தெட்டு, லிஃப்ட் மெக்கானிக்.
ஏப்ரலில் இதயத்தில் மூன்று அடைப்பு.
நாற்பத்தொரு நாள் படுக்கை.
ஒரு நாளையும் நாங்கள் எண்ணவில்லை.
பழக்கூடைகூட அனுப்பினோம்,
'விரைவில் நலம் பெறுக' அட்டையில்
கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

கரீன் டெப்ரீஸ், பத்தொன்பது.
சுவர்க் கடிகாரம் தன்னைப் பெயர் சொல்லி வைகிறதென்று
அதைக் கழற்றிக் கொல்லைப் பனியில் புதைத்தவள்.
பிறகு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டவள்,
காலில் ஒன்றுமில்லாமல்.
அவளுக்கு முப்பது நாள்.
வருடத்துக்கு இல்லை, ஆயுளுக்கு.
பாலிசியில் பதினேழாம் பக்கம்,
எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

முப்பத்தோராம் நாள் காலை
ஒரு காகிதப் பை,
மூன்று நாளுக்கு மாத்திரை,
பார்த்துப் போ.

அப்பாவின் இதயத்துக்குத் தெருவே சமைத்து வந்ததாம்.
ஃப்ரிட்ஜில் இடமில்லாமல்
பாத்திரங்களை கராஜில் அடுக்கினார்களாம்.
இவள் இறங்கியபோது
எதிர்வீட்டுத் திரைச்சீலை ஒன்று அசைந்தது, அவ்வளவுதான்.
இதெல்லாம் கோப்பில் இல்லை.
அவர் போனில் சொன்னது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.
"மூளையில் கட்டி என்றால் எத்தனை நாள் தருவீர்கள்?"
வரம்பில்லை, சார்.
"வலிப்பு என்றால்?"
வரம்பில்லை.
"ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்திருந்தால்?"
நான் பேசவில்லை.
"மேடம், முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறேன்.
பெட்டி நின்றுபோனால்
எந்தத் தளத்தில் என்றுதான் முதலில் கேட்போம்.
சொல்லுங்கள், என் மகளின் உடம்பு
எந்தத் தளத்தில் முடிகிறது?"

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்.
எங்கள் பாலிசி ஏழு சாணோடு நின்றுவிடும்.
எட்டாவது சாணிலும்
கட்டிக்கு ஒரு கதவு, காயத்துக்கு ஒரு கதவு,
குரல்கள் கேட்கிறவளுக்கு மட்டும்
சுவர்.

இதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்:
மாதம் ஒரு சனிக்கிழமை
முப்பத்தைந்து மைல் வண்டியோட்டி ஏம்ஸ் போகிறேன்.
அங்கே ஒரு மருந்துக்கடை, என்னைத் தெரியாது.
லித்தியம், அறுபது மாத்திரை, ரொக்கம்.
ரசீதைக் கடை வாசலிலேயே கிழித்துப் போடுவேன்.
என் பெயர் என் மேஜைக்கே
ஒரு நாள் கோப்பாக வந்துவிடக் கூடாதே என்று.
ஏழு வருடமாகிறது.
கணவனிடம் தைராய்டு என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் பெரிய உறை வந்தது. கடிதம் இல்லை.
அவளுடைய தலையின் ஸ்கேன் படம்,
பனியிலிருந்து தூக்கிய இரவில் எடுத்தது.
'பழுதேதும் தென்படவில்லை' என்று டாக்டரின் குறிப்பு.
அதன் கீழே மெக்கானிக்கின் தடித்த பென்சிலில்:
எங்கே கோடு போட்டீர்கள், காட்டுங்கள்.

ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன்.
சாம்பல் நிற மண்டை, வால்நட் பருப்பு மாதிரி மடிப்புகள்,
அதனூடே கீழே கார் நிறுத்துமிடம்,
பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு
அவள் நெற்றிக்குள் போய்
பிடரியில் வெளியே வந்தது.
கோடு எங்கும் இல்லை.

மேலதிகாரி டுவேன் பின்னால் வந்து நின்றான்.
"எந்தப் பிரிவு அது?"
உடம்பு, என்றேன்.
விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான்.

மறுப்புக் கடிதம் நாலரை மணித் தபாலில் போய்விட்டது.
என் கையெழுத்தோடுதான்.
படத்தை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை
நெடுஞ்சாலை வரை போய் வண்டியைத் திருப்பினேன்.
எங்கள் தெருமுனைக் கடையிலேயே சீட்டை நீட்டினேன்,
கூடவே கம்பெனி அட்டையையும்.
கவுன்ட்டர் பெண் என்னோடு தேவாலயத்தில் பாடுகிறவள்.
சீட்டைப் படித்தாள். என்னைப் பார்த்தாள்.
"கடைசிப் பெயரை எப்படி எழுதுவது?
எனக்கு எப்போதும் குழப்பம்" என்றாள்.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.