மூன்றரை மணிச் சீட்டு

சூரியன் விழுகிற நேரத்துக்குத்
தனி விலை.
மூன்றரை மணிச் சீட்டு அதில் பாதிதான் என்று
சுலைகாதான் கண்டுபிடித்தாள்.
கார்கோ கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள்.
ஐந்து திர்ஹம் இடித்தாலும்
இரவுத் தூக்கம் போய்விடும் அவளுக்கு.
"மூன்றரைக்கு ஏறுவோம்.
இறங்கு என்று யாராவது சொல்லும்வரை
இறங்க வேண்டாம்."

அன்று அவளுக்குப் பதினேழாவது நோன்பு.
எனக்கு நோன்பில்லை. ஆனாலும்
பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை
அவள் முன்னால் நான் திறக்கவில்லை.
மெட்ரோ நிலையத்துக் கழிவறையில்
நாலு மடக்கு குடித்ததை
அவளிடம் சொல்லவும் இல்லை.

லிஃப்டில் காது அடைத்தது.
கதவு திறந்தால் நகரம் இல்லை,
தூசு.
கோதுமை மாவு சலித்த அறை போல
ஒரு வெளிச்சம்.

பச்சைத் துணிக்கு முன் எங்களை நிறுத்தி
ஒரு பெண் படம் பிடித்தாள்.
தூசில்லாத நகரத்தைப்
பின்னால் ஒட்டித் தருவாளாம்.
விலையைக் கேட்டுச் சுலைகா
அவள் கையைப் பிடித்துச் சிரித்தாள்.
அந்தப் பெண்ணும் சிரித்தாள்.
வாங்கவில்லை.

நாலரைக்கு மேல் கொஞ்சம் அடங்கியது.
நஹ்தாவில் எங்கள் கட்டடத்தைத் தேடினோம்.
பால்கனியில் நான் காயப்போட்ட
சிவப்புப் போர்வைதான் அடையாளம்.
நெற்றியெண்ணெய் கண்ணாடியில் படிய
அதோ என்றேன், அது கிரேன் விளக்கு.
அதோ என்றாள், அது யாரோ
விற்பனைக்குக் கட்டிய துணிப் பலகை.
அத்தனை ஜன்னலில் ஒன்றுகூட
எங்களைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

ஐந்துக்குப் பிறகு
ஒரே இடத்தில் நின்றால் ஆபத்து.
தெற்கு, மேற்கு, கழிவறை,
மறுபடியும் தெற்கு.
அழைக்காத கல்யாணத்தில்
இரண்டாம் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி
சுற்றிக்கொண்டே இருந்தோம்.
கறுப்புக் கோட்டுக் காவலாளி
மூன்று முறை பார்த்தார்.
நாலாம் முறை
நேராகவே வந்துவிட்டார்.
இத்ரிஸ் என்று நெஞ்சில் எழுதியிருந்தது.
உகாண்டாக் கொடி, நகமளவு, அதன் பக்கத்தில்.
"மேடம், உங்கள் சீட்டு..."

அப்போது அவள் போன் பாங்கு சொன்னது.
ஆறு இருபத்தெட்டு.

கைப்பையில் தாளில் சுற்றி
மூன்று பேரீச்சம்பழம்.
ஒன்றை வாயருகே கொண்டுபோனவள்
அப்படியே நின்றாள்.
கடலோரத்தில் சூரியன்
இன்னும் முக்கால் தட்டு இருந்தது.

கீழே இருட்டிவிட்டது.
தெருவிளக்கெல்லாம் ஏற்றியாயிற்று.
பள்ளிவாசல் முன் விரித்த பாய்களில்
இந்நேரம் முதல் மிடறு தண்ணீர்
எத்தனையோ தொண்டைகளில் இறங்கியிருக்கும்.
இங்கே மட்டும்
பகல்.

"எண்பதாம் மாடிக்கு மேல்
இரண்டு நிமிடம் கூடுதல்" என்றார் இத்ரிஸ்.
சீட்டுப் பேச்சை விட்டுவிட்டு
எங்கள் பக்கத்தில் வந்து நின்று
அவரும் பார்த்தார்.
உதடு வெடித்திருந்தது அவருக்கு.

ஒரு குழந்தை அழுது முடித்தது.
ஒரு ஜோடி ஏழு படம் எடுத்து
ஆறை அழித்தது.
முக்கால் அரையாகி
அரை காலாகி
கால் அங்கேயே நின்றது,
போக மனமில்லாத விருந்தாளி.

"தினமும் இந்த நேரம் இங்கேதானா?"
"நோன்பு முழுக்க."
"வார லீவு?"
"விற்றுவிட்டேன்."

சுலைகாவின் உதடு அசைந்தது.
துவா என்று நினைத்தேன்.
இல்லை, பெருக்குகிறாள்:
முப்பது ரெண்டு அறுபது.
"ஒரு மணி நேரம்டி" என்றாள் என்னிடம், தமிழில்.
"இதை எந்தக் கணக்கில் எழுதுவது?"

நான் கடலைப் பார்த்தேன்.
ஒரு நகக்கீற்று.
பிறகு அதுவும் இல்லை.

ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு.
மூன்றாவதை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மூடிவிட்டாள்.
"மெட்ரோவில் குடித்தவளுக்கு" என்றாள்,
கொட்டையைத் தாளில் துப்பியபடி.

இத்ரிஸ் கண்ணை மூடி மென்றார்.
கொட்டையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.
பட்டனைச் சரிசெய்தார்.
தொண்டையைச் செருமினார்.

"மேடம், உங்கள் சீட்டு
மூன்றரை மணிச் சீட்டு."