பதினெட்டு கிலோ

ரிசீவரையே மாற்றுவதா,
தனியாக ஒரு பவர் ஆம்ப் சேர்ப்பதா?
மூன்று மாதமாய்ப் பள்ளத்தூர் வீட்டில்
சாப்பாட்டு நேரமெல்லாம் வாட் கணக்கு.

காரைக்குடிக் கடையிலிருந்து வந்த அடைக்கலம்
விலைப்பட்டியலை வெளியே எடுக்கவில்லை.
பட்டாலை நடுவில் நின்று
ஒரே ஒருமுறை கைதட்டினார்.
ஆத்தங்குடிக் கல்லில் விழுந்து
கண்ணாடிபோல் பூசிய சுவரில் ஏறி
நாலு தட்டாகத் திரும்பி வந்தது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு.
ஜமுக்காளத்தை விரிங்க."

விசேஷத்துக்கு மட்டும் இறங்குகிறவை
அத்தனையும் இறங்கின.
மெத்தைகளைச் சுவரில் சாய்த்தோம்.
படத்தில் அவன் முணுமுணுத்தது
முதல்முறையாகக் கேட்டது.
"இதுக்கா இத்தனை நாள்
எழுத்துக்கூட்டிப் படம் பார்த்தோம்?"
என்றாள் சிகப்பி.

மறுநாள் போய்
பவர் ஆம்புக்கு முன்பணம் கட்டிவிட்டேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
பதினெட்டு கிலோவாம்.
எந்த வாசல் வழியாக
என்பதுதான் இப்போது யோசனை.