வேறு மருந்து

"வேறு மருந்து ஏதாவது?" என்று
மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது
இல்லை என்றேன்.
பொய் இல்லை அது.

தைராய்டு மாத்திரை சொன்னேன்.
பென்சிலின் ஊசிக்கு உடம்பு தடித்ததைச் சொன்னேன்.
இரண்டு பிரசவம், ஒன்று கத்தி வைத்தது.
கீழ்ப்பல் ஒன்று ஆடுவதைக்கூட
விரலால் ஆட்டிக் காட்டினேன்.
அமுக்கராப் பொடி நினைப்பிலேயே வரவில்லை.
மாட்டுங்கா கடையில் அது
கசகசாவுக்கும் கருஞ்சீரகத்துக்கும் நடுவில் இருக்கிறது.
சீட்டு கேட்பதில்லை.
பில்லில் மசாலா என்றுதான் போடுகிறார்கள்.
அதைச் சொன்னால்
பெருங்காயத்தையும் சொல்ல வேண்டாமா?

கட்டடத்தை இடித்து
எங்களை அண்டாப் ஹில் டிரான்சிட் கேம்பில் போட்டபோது
பதினெட்டு மாதம் என்றார்கள்.
மூன்று வருஷம் ஆகிறது.
சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ புரண்டால்
எங்கள் கரண்டி அசையும்.
பின்னால் ராத்திரி முழுக்க பைலிங் மெஷின்,
பூமியின் மண்டையில் ஆணி.

அரை ஸ்பூன் பொடி, ஒரு டம்ளர் பால்.
வேர்த்த குதிரையின் வாசம்.
மூக்கைப் பிடித்துக் குடித்தேன்.
பத்தாம் நாளிலிருந்து
மெஷின் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

சில ராத்திரி அதுவும் போதாது.
அன்றைக்கு நாத்தனார் தந்த தூக்க மாத்திரையில்
பாதி.
பாதிக்கு ஏது கணக்கு.

டாக்டர் கேதகி பாவே ஃபைலை மூடப் போனார்.
ஆவுடைத்தங்கமாகிய என்னை
ஆவ்டே ஆக்கியிருந்தது அந்த ஃபைல்.
என் கையிலிருந்து பிரஷர் பட்டையை அவிழ்த்த
மாரிக்கனி சிஸ்டர், தாராவிக்காரி,
தலை நிமிராமல் கேட்டாள்:
"ராத்திரி தூங்க என்னக்கா சாப்பிடுதீய?"

அந்தக் கேள்விக்கு
என்னிடம் பதில் இருந்தது.

அவள் இந்தியில் சொல்லச் சொல்ல
டாக்டரின் பேனா நின்றது, பிறகு ஓடியது.
எத்தனை மாதம், எவ்வளவு, எந்தக் கடை.
என் கண்ணிமையை இழுத்து மஞ்சள் தேடினார்.
ஈரலுக்கு ஒரு ரத்தம், தைராய்டுக்கு ஒரு ரத்தம்.
பித்தப்பைக் கல் ஓடிப்போகாது,
ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளி.
அந்தப் பாதி மாத்திரைக்குத்தான்
முகம் சுளித்தார்.

"கெட்டதா டாக்டர் அது?"

"எல்லாருக்கும் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன்.
வேலை செய்யுது, இல்லையா?
வேலை செய்யற எதுவும்
நான் குடுக்கற மயக்கத்தோடயும் சேர்ந்து செய்யும்."

டாக்சி பிடிக்காமல் நடந்தேன்.
எட்டு மாதம் அதைப் பாலில் கலக்கினேன்,
சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு.
தூங்கியதை மட்டும்
மருந்தின் கணக்கில் சேர்த்திருந்தேன்.

பதினான்கு ராத்திரி
மெஷின் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.
மூன்றாம் வீட்டுச் சுலக்ஷணா
இரண்டு மணிக்கு அரிசி களைவாள்.
யாரோ ஒருவர் தினமும் சிரிப்பார், காரணம் தெரியாது.
ஈரல் தப்பித்திருந்தது.
தைராய்டு ஏறியிருந்ததால்
மாத்திரையைக் குறைத்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை
மறுபடி அதே கேள்வி.
அதே இல்லை.
மாரிக்கனியைப் பார்த்துச் சொன்னேன்,
அவள் கண்ணுக்கு மட்டும் முகமூடிக்கு வெளியே இடமிருந்தது.

வீடு வந்து ஐந்தாம் நாள்,
வயிற்றில் நான்கு ஓட்டையோடு,
ஏலக்காய் தேடினேன்.
அமுக்கரா டப்பா கையில் வந்தது. லேசாக.
பாதிக்கு மேல் இருந்த பொடி
அடியைத் தொட்டிருந்தது.

அவருக்குச் சுகர், வேளைக்கு ஒரு மாத்திரை.
போன வாரம் குர்லாவில் ரயிலிலிருந்து இறங்கும்போது
தலை சுற்றியது என்றார்.
வெயில் என்றார்.

இப்போது மெஷின் இடிக்கிறது,
கரண்டி அசைகிறது.
அவர் அசையவில்லை.
காலையில் கேட்பேன்,
மருந்து என்ற சொல்லை எடுக்காமல்.

டப்பாவை அவருடைய சுகர் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
கசகசாவுக்கும் கருஞ்சீரகத்துக்கும் நடுவில்
ஒரு வட்டம்
தூசி படியாமல் இருக்கிறது.